வாசற்படியும் ஒட்டுச்சீட்டும்

மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறி, இறக்கும்போது துளி மயில்துத்தம் போட வேண்டும். துத்தம் போடாத பசையை இராமபாணப் பூச்சி ஒரே மழைக்காலத்தில் தின்று தீர்த்துவிடும். மட்டாஞ்சேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது நான் கற்றுக்கொண்ட முதல் வேலை இந்தப் பசை காய்ச்சுவதுதான். ஒரு சட்டம் திருத்தப்பட்டால் புதிய வாசகம் அச்சிட்ட சீட்டு வரும். அதைக் கத்தரித்து, புத்தகத்தில் உரிய பக்கத்தில் ஒட்ட வேண்டும். 1971 முடிகிற நேரம். என் கைக்கு வந்த முதல் சீட்டு அரசியலமைப்பின் 24-ஆவது திருத்தம். அரசியலமைப்பை எப்படித் திருத்துவது என்று சொல்வது 368-ஆவது பிரிவு. அந்தப் பிரிவையே திருத்திய திருத்தம் அது.

பழைய பத்தி மறையும்படி நாலு பக்கமும் பசை தடவி ஒட்டிவிட்டேன். வக்கீல் பார்த்தார். அவர் பாலக்காட்டுத் தமிழர், அதிர்ந்து பேச மாட்டார். ஈரம் காய்வதற்குள் சீட்டை உரிக்கச் சொன்னார். "ஒரு ஓரத்துல மட்டும் பசை வைப்பா. தூக்கிப் பாத்தா அடியில இருக்கிறது தெரியணும். பழசு என்னன்னு தெரியாதவன் புதுசுக்கு எப்படி வாதாடுவான்?" என்றார்.

அன்று முதல் ஒரு ஓரத்தில் மட்டுமே ஒட்டினேன். சட்டத்தின் வரலாறு என்று நான் நினைப்பதெல்லாம் அந்தச் சீட்டைத் தூக்கிப் பார்க்கும் வேலைதான். எழுதப்பட்டது எப்படி மாறுகிறது, மாற்றச் சொல்லிக் கேட்டவர் யார், சரி என்று ஒப்புக்கொண்டவர் யார்? இந்த மூன்றையும் எனக்குக் காட்டிக் கொடுத்தது டெல்லி இல்லை. எங்கள் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கும் ஜூ டவுன்.

இஞ்சி, மிளகு, ஏலம் மணக்கும் அந்தத் தெருவின் கோடியில், 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கிறது. நாங்கள் யூதப்பள்ளி என்போம். பக்கத்தில் 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டு. உள்ளே தரை முழுக்கச் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலவெள்ளை ஓடுகள். அந்தப் பள்ளியின் பெட்டகத்தில், தமிழர்களாகிய நாம் நெருங்கிப் பார்க்க வேண்டிய ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அவை இரண்டு செப்பேடுகள். கி.பி. 1000-ஐ ஒட்டி, சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தவை. எழுத்து வட்டெழுத்து; மொழி அன்றைய தமிழ். ரப்பானின் பெயரே அதில் இசுப்பு இரப்பான் என்றுதான் வெட்டப்பட்டிருக்கிறது.

அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையும் 72 சிறப்புரிமைகளும் அவருக்கு அளிக்கப்பட்டன. பகல்விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, வாசலில் இடுபடி, தோரணம். சுங்கமும் நிறைகூலியும் அவர் கட்ட வேண்டியதில்லை. மகன், மகள், மருமகன் என்று சந்ததி வழியாக, உலகும் நிலவும் உள்ள காலம் வரை இது செல்லும் என்றது அரசனின் வாக்கு. கீழே வேணாடு, ஏறாளநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை ஆண்டவர்கள் சாட்சியாக நின்றார்கள்.

இதை முதன்முறை வக்கீல் எனக்கு விளக்கியபோது சாட்சிகளின் பட்டியலில் விரல் வைத்து நிறுத்தினார். பெருமாள் ஒருவர் சொன்னால் போதாது. அந்தந்த நாட்டை ஆள்பவரும் தெரிந்து நின்றால்தான் அந்தச் சொல் ஊர் ஊராக நடக்கும். ஒப்புதல் என்பதன் வேர் அங்கேயே இருக்கிறது என்றார். ஆனால் அந்தப் பட்டயத்தில் இல்லாதது ஒன்று உண்டு. நிலவு உள்ளவரை என்று எழுதியவர்கள், நடுவில் ஏதேனும் மாற வேண்டியிருந்தால் என்ன வழி என்று எழுதவில்லை. அரசன் கொடுத்தான், வாங்கியவர் வைத்துக்கொண்டார். மூன்றாவது ஆள் ஒருவன் வந்து எனக்கும் பங்கு உண்டு என்று கேட்க அதில் இடமே இல்லை.

அந்த மூன்றாவது ஆள் இதே தெருவில் பிறந்தார். பெயர் ஆப்ரகாம் பராக் சேலம். 1882-இல் பிறந்தவர். நம்மூர்ச் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சென்னைக்கும் அவருக்கும் உண்டு. அங்கே போய்ச் சட்டம் படித்து வக்கீலாகத் திரும்பினார். அவர் வீட்டாரை மெஷுக்ராரிம் என்றார்கள். அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழி என்று பொருள். அவர்கள் பள்ளிக்குள் மற்றவர்களோடு உட்காரக் கூடாது. முன்கூடத்துத் தரையிலும் படியிலும்தான் இடம். வேதச் சுருளைப் படிக்க அவர்களை அழைக்க மாட்டார்கள். இறந்தபின் அடக்கத்துக்கும் வேறு நிலம்.

இதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வி கொச்சியிலிருந்து கடிதமாகக் கெய்ரோவுக்குப் போனது. முறைப்படி விடுவிக்கப்பட்டு, நீராட்டுச் சடங்கும் முடித்தவர்கள் எல்லா வகையிலும் சமமான யூதர்களே என்று அங்கிருந்த பெரிய ரப்பி டேவிட் இப்னு சிம்ரா பதில் எழுதினார். தீர்ப்பு வந்துவிட்டது. தெரு ஏற்கவில்லை. 1840-களில் சிலர் ஊரை விட்டே வெளியேறி, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோட்டைக்கொச்சியில் தனியே தொழுகை நடத்திப் பார்த்தார்கள்; அதுவும் நிலைக்கவில்லை. உயர்ந்த இடத்திலிருந்து சரியான தீர்ப்பு வருவது ஒன்று, உள்ளே உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் கொடுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பல தலைமுறைகள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து எழுந்து போயின.

சேலம் 1925 முதல் 1931 வரையும், பின்னர் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டமன்றத்தில் இருந்தார். பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். சட்டமன்றத்தில் சமஸ்தானத்துக்கே விதி சொல்ல அவருக்கு இருக்கை உண்டு. தன் பள்ளியில் உட்கார மட்டும் இருக்கை இல்லை. அதற்காக அவர் வழக்குப் போடவில்லை. காந்தியிடம் கற்ற வழியில் சத்தியாகிரகம் செய்தார். பிள்ளைகளையும் அழைத்து வந்து, கூடாது என்ற இடத்தில் போய் நின்றார். 1930-களில் உள்ளே பின்பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. 1940-களில் வேதச் சுருள் முன்னால் அழைப்பும் வந்தது. ஊர் அவரை யூதக் காந்தி என்றது. 1950-இல் அவர் மகன் பால்ஃபர், 'வெள்ளை யூதர்' எனப்பட்ட வீட்டுப் பெண்ணை மணந்தார். அந்தக் கல்யாணத்தை ஊரில் நடத்த முடியாமல் பம்பாயில் நடத்தினார்கள். விதி தளர்ந்த பிறகும் வழக்கம் அப்படி விடாப்பிடியாக நின்றது.

அதே 1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. செப்பேட்டில் இல்லாத அந்த வழி இதில் இருந்தது. அது வரைவில் 304-ஆவது பிரிவு. அரசியல் நிர்ணய சபை அதை 1949 செப்டம்பர் 17-இல் எடுத்துக்கொண்டது. அம்பேத்கர் அதை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார். சிலவற்றைச் சாதாரணப் பெரும்பான்மையே மாற்றலாம். பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு சபையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மாநிலங்களைத் தொடுகிற சிலவற்றுக்கு, அதற்கும் மேலே பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புதல் தர வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திக்கும் மாநிலத்துக்குமான அதிகாரப் பட்டியல், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், இந்த 368 ஆகியவை அந்த வகை.

அமெரிக்காவில் நாலில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 1789-இல் முன்மொழிந்த ஒரு திருத்தம் அங்கே 202 ஆண்டு கழித்து 1992-இல்தான் முழு ஒப்புதல் பெற்று 27-ஆவது திருத்தமானது. நம்மவர்கள் கதவை அவ்வளவு இறுக்கமாக வைக்கவில்லை. ஆனால் அமெரிக்க மாநிலங்களுக்கு உள்ள ஓர் உரிமையையும் கொடுக்கவில்லை. இங்கே மாநிலம் திருத்தத்தை முன்மொழிய முடியாது. நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளில் ஒன்றில்தான் மசோதா பிறக்க வேண்டும். சட்டப்படி முன்மொழிபவர் ஓர் அமைச்சராகவோ உறுப்பினராகவோ இருப்பார். உண்மையில் முன்மொழிந்தவர் பெரும்பாலும் வாசற்படியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர்.

முதல் திருத்தமே நம் ஊர்ச் சங்கதி. மதராஸ் மாகாணத்து வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஜூன் 18-இல் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) அதில் பிறந்தது. பொதுத் தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. மசோதாவைக் கொண்டுவந்தவர் நேரு என்று புத்தகம் சொல்லும். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சென்னை ஊர்வலங்கள் தெரியும்.

1956-இல் ஏழாவது திருத்தம். மொழிவழி மாநிலங்களுக்காக வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயின. மதராஸ் மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்திலிருந்து காசர்கோடு கேரளத்துக்கு வந்தது. பிரிந்த கோயில்களுக்கும் அரசியலமைப்பில் கணக்கு எழுதினார்கள். 290அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் ஆண்டுதோறும் 46,50,000 ரூபாய், குமரிப் பக்கத்துக் கோயில்களுக்குத் தமிழ்நாடு 13,50,000 ரூபாய். அதை முதன்முறை படித்தபோது எனக்குச் செப்பேடுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம்: இதை எந்த அரசனும் நிலவின் பெயரால் கொடுக்கவில்லை. எண்ணிக் கொடுத்தார்கள், மாற்றவும் வழி வைத்துக் கொடுத்தார்கள்.

அந்தக் காசர்கோடுதான் பின்னால் நாட்டையே உலுக்கியது. கேரளத்தின் முதல் நிலச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1961 டிசம்பரில், காசர்கோடு, ஓஸ்துர்க் பக்கத்து ரயத்வாரி நிலங்களைப் பொறுத்தவரை செல்லாது என்றது. அதற்கு மறுமொழியாக 1964-இல் 17-ஆவது திருத்தம் வந்தது. அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணைக்குள் 44 சட்டங்கள் போயின. 1967-இல் கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்கவோ குறைக்கவோ முடியாது என்று தீர்ப்பானது. அதைத் தாண்டுவதற்காக 1971-இல் வந்ததுதான் நான் நாலு பக்கமும் பசை தடவி ஒட்டிய அந்த 24.

மூன்று வருஷம் முன்பு, 1968 டிசம்பரில், பரதேசி சினகாக்கின் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தபோது, பள்ளிக்கூடப் பையனாக அந்தத் தெருக் கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். சேலம் அதற்கு முந்தின வருஷம்தான் காலமானார். ஒரு பள்ளியின் விதியை மாற்ற ஓர் ஆயுளைக் கொடுத்தவர் வாழ்ந்த தெருவில், ஒரு நாட்டின் விதியை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று சோதிக்கப்போகிறவர் நடந்து போனார். அன்று அது எனக்கு ஒரு கொடி அசைப்பு மட்டுமே.

24-ஐ ஒட்டிய சில மாதங்களில் ஆபீசுக்கு ஓர் உம்மா வந்தார். கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறை ஒழிந்திருந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடிகிடப்பாக இருந்தவர்களுக்கு அந்த இடம் சொந்தமாகும்: பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரத்தில் 3. கொச்சி மாநகராட்சி ஆகிவிட்டதால் உம்மாவுக்கு 3 சென்ட். மனுவில் பெருவிரல் வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வக்கீலே, இனி இதை யாரும் மாற்ற மாட்டார்களே?" வக்கீல் உடனே பதில் சொல்லவில்லை. "கேஸ் நடக்குது உம்மா" என்றார்.

அந்தக் கேஸைப் போட்டவரும் காசர்கோட்டுக்காரர். எடநீர் மடத்தின் இளம் மடாதிபதி கேசவானந்த பாரதி. 1970 மார்ச்சில் மனுப் போட்டபோது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை. மடத்து நிலத்தைக் காக்கப் போனார். 1972-இல் 29-ஆவது திருத்தம் கேரள நிலச்சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, நானி பால்கிவாலாவின் வாதம். 1973 ஏப்ரல் 24-இல் ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம். ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது.

29-ஆவது திருத்தம் நின்றது. மடாதிபதிக்கு நிலம் திரும்பவில்லை. உம்மாவின் 3 சென்ட் நிலைத்தது. நிலத்தை இழந்தவரின் பெயர்தான் இன்று வரை நம் எல்லாருடைய உரிமைக்கும் காவலாக நிற்கிறது. இந்தத் தீர்ப்பை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிலமில்லாதவருக்காக விதி மாறலாம், மாற வேண்டும். ஆனால் மாற்றச் சொல்லிக் கேட்கிற வழியையே யாரும் அடைத்துவிடக் கூடாது. இதைவிட நியாயமான ஒரு கோட்டை யாரும் வரைந்துவிட முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

அந்தக் கோட்டின் அருமை நெருக்கடி நிலையில் தெரிந்தது. 1976-இன் 42-ஆவது திருத்தம் 59 பிரிவுகள் கொண்டது. ஒட்ட ஒட்ட முடியாமல் புத்தகம் விசிறிபோல விரிந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டி வைத்தோம். 368-இலும் இரண்டு உட்பிரிவுகள் புதிதாகச் சேர்ந்தன: எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது, நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவை இரண்டும் செல்லாது என்றது.

மாநிலங்களின் ஒப்புதல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா ஒன்று பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இடஒதுக்கீட்டை மேலும் பத்து ஆண்டு நீட்டியது. ஆங்கிலோ இந்தியருக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடத்தை நீட்டாமல் விட்டுவிட்டது. டிசம்பர் 31-இல் கேரள சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி ஒப்புதல் தந்தது. 2020 ஜனவரியில் அது 104-ஆவது திருத்தமாக நடைமுறைக்கு வந்தது. எங்கள் கோட்டைக்கொச்சியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களுக்காக வருந்திய உறுப்பினருக்கும் அன்று வேறு வழி இல்லை. மாநிலம் முழுதாக ஒப்பலாம், அல்லது ஒப்பாமல் இருக்கலாம்; ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றி அனுப்ப முடியாது. பாஸ்கர ரவிவர்மனுக்குச் சாட்சி நின்ற நாட்டுத் தலைவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சிறு சமூகம் ஒன்றின் இருக்கை அரசியலமைப்பிலிருந்து போகும்போது, அவர்கள் சொல்வதைத் தனியே கேட்க ஒரு நாழிகை ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஆற்றாமை. வாசலில் இருப்பவர் சொல் உள்ளே கேட்கப் பல நூற்றாண்டு பிடித்த தெருவுக்குப் பக்கத்தில் வாழ்பவன் என்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

இன்று ஜூ டவுனில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. பெரும்பாலான குடும்பங்கள் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடியேறின. போகிறவர்களுக்காக 1955-இல் இஸ்ரேல் வரை போய்ப் பேசிவந்த சேலம், தான் மட்டும் இந்தத் தெருவிலேயே இருந்து முடிந்தார். தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளிக்கு வருகிறவர்கள் முன்கூடத்தை நிற்காமல் கடந்து, நீல ஓடுகளைப் பார்க்க உள்ளே போய்விடுகிறார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் முன்கூடத்தில் கொஞ்சம் நிற்பேன். அங்கிருந்து உள்ளே இரண்டு எட்டு. அதைக் கடக்க சேலத்தின் முன்னோருக்கும் அவருக்குமாக ஏறக்குறைய நானூறு வருஷம் ஆயிற்று.

வக்கீல் காலமானபின் அவர் புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். கயிறு கட்டிய அந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். துத்தத்தின் புண்ணியம், பூச்சி அண்டவில்லை. 368 இருக்கும் பக்கத்தில் மேலே 42-இன் சீட்டு; ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியது, 'செல்லாது, 1980'. அதைத் தூக்கினால் 24-இன் சீட்டு, மூலைகளில் நான் உரித்த காயத்தோடு. அதையும் தூக்கினால் 1950-இன் அச்சு. என் பசையில் இரண்டு வரி மங்கிப்போயிருக்கிறது. மற்றதெல்லாம் வாசிக்க முடிகிறது.